விக்டோரியாவுக்கு ஆல்பர்ட் மாமன் மகன்: ஐரோப்பிய அரச வம்சங்களை நம் முறைப்படி படித்தால்

#1 கொடிவழி

முதல் உலகப் போரைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரு தகவல் தவறாமல் வரும். இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ், ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம், ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் மூவரும் ‘கசின்’கள் என்று. இந்தச் சொல் எனக்குப் பல வருஷமாக உறுத்தல். கசின் என்றால் யார்? பெரியம்மா மகனா, அத்தை மகனா, சித்தப்பா மகனா? நம் வீட்டில் அண்ணன் வேறு, அத்தான் வேறு. ஒருவரிடம் பேசும் தொனியே மற்றவரிடம் வராது. அந்த வித்தியாசம் தெரியாமல் மூன்று பேரைப் பற்றி என்ன புரிந்துகொள்வது?

அதனால் போன மாதம் நான்கு சார்ட் பேப்பரை ஒட்டி, விக்டோரியா மகாராணியிலிருந்து கீழே இறங்கி ஒரு கொடிவழி வரைந்தேன். ஒவ்வொருவரும் மற்றவருக்கு நம் முறையில் என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனேன். கிடைத்ததைப் பகிர்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

விக்டோரியாவின் தாயும் ஆல்பர்ட்டின் தந்தையும் கூடப்பிறந்தவர்கள், ஜெர்மனியின் கோபர்க் குடும்பம். ஆகவே விக்டோரியாவுக்கு ஆல்பர்ட் சொந்த மாமன் மகன். இந்தச் சம்பந்தத்துக்காக வெகுநாள் பாடுபட்டவர் பெல்ஜியத்தின் முதல் மன்னர் லியோபோல்ட். அவர் விக்டோரியாவுக்குத் தாய்மாமன், ஆல்பர்ட்டுக்குச் சித்தப்பா. நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தல்கால் நட ஆள் தேடினால் இதைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். 1819-இல் மே மாதம் விக்டோரியா பிறந்தபோதும் ஆகஸ்டில் ஆல்பர்ட் பிறந்தபோதும் பிரசவம் பார்த்தவர் ஒரே பெண்மணி, சீபோல்ட் அம்மையார். பெண் மூன்று மாதம் மூத்தவள். நம் பெரியவர்கள் அதற்குத்தான் முகம் சுளித்திருப்பார்கள். 1840 பிப்ரவரி 10-இல் திருமணம். ஒன்பது பிள்ளைகள்.

இப்போது அந்த மூவர். மூத்த மகள் விக்கியின் பிள்ளை வில்ஹெல்ம். அவளுக்கு அடுத்துப் பிறந்த ஏழாம் எட்வர்டின் பிள்ளை ஜார்ஜ். அப்படியானால் எட்வர்ட், வில்ஹெல்முக்குத் தாய்மாமன். ஜார்ஜுக்கு வில்ஹெல்ம் அத்தை மகன், ஆறு வயது மூத்த அத்தான்.

நிக்கோலஸ் வருவது டென்மார்க் வழியாக. அங்கே ஒன்பதாம் கிறிஸ்தியான் மன்னருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் அலெக்சாண்டிரா இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்டாள். ஜார்ஜ் அவள் மகன். இரண்டாமவள் டாக்மார் ரஷ்யாவுக்குப் போனாள். நிக்கோலஸ் அவள் மகன். எனவே ஜார்ஜும் நிக்கோலஸும் அக்கா தங்கை பிள்ளைகள், அண்ணன் தம்பி. இருவரும் ஒன்றாக நிற்கும் படத்தைப் பார்த்தால் இரட்டையர் என்றே தோன்றும்.

ஆக ஜார்ஜுக்கு ஒருவர் தம்பி, ஒருவர் அத்தான். கசின் என்று ஒரே சொல்லில் சொல்லும்போது இது அழிந்துவிடுகிறது.

#2 பழைய தந்தி

அருமையான தொடக்கம் ஐயா. ஒன்று சேர்க்கிறேன். வில்ஹெல்முக்கும் நிக்கோலஸுக்கும் நேர்வழியில் சொந்தம் தூரம்தான். ரஷ்யாவின் முதலாம் பால் மன்னர் இருவருக்கும் எள்ளுத்தாத்தா. ஆனால் நிக்கோலஸின் மனைவி அலிக்ஸ், விக்டோரியாவின் இரண்டாவது மகள் ஆலிஸ் பெற்ற பெண். விக்கிக்குத் தங்கை ஆலிஸ். ஆக வில்ஹெல்முக்கு அலிக்ஸ் சித்தி மகள், தங்கை. நிக்கோலஸ் தங்கை வீட்டுக்காரர், அதாவது மாப்பிள்ளை!

1914 ஜூலை 29-லிருந்து ஆகஸ்ட் 1 வரை இருவரும் மாற்றி மாற்றித் தந்தி அடித்தார்கள். ஆங்கிலத்தில் எழுதி ‘நிக்கி’, ‘வில்லி’ என்று கையெழுத்து. ஆஸ்திரியா, செர்பியா தகராறை ஹேக் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நிக்கோலஸ் ஒரு தந்தியில் கேட்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நெஞ்சு கனத்துப்போகும். ஆகஸ்ட் 1 அன்றே ஜெர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது.

#3 குறுக்குக்கேள்வி

கொடிவழி, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அடிப்படையில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. முறைப்பெண், பங்காளி என்ற பிரிவினை அவர்களிடம் கிடையாது. இல்லாத ஒன்றை அவர்கள்மேல் போர்த்திப் பார்ப்பதில் என்ன பயன்? யார் யாரைக் கட்டலாம் என்று அவர்களுக்குத் தீர்மானித்தவை மூன்று: மதம், சட்டம், அந்தஸ்து.

இங்கிலாந்தில் 1701-ஆம் வருஷச் சட்டப்படி கத்தோலிக்கரை மணந்தால் அரியணை உரிமை போய்விடும். அது மாறியது 2013-இல் இயற்றி 2015-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால்தான். 1772-ஆம் வருஷச் சட்டமோ மன்னரின் சம்மதம் இல்லாமல் அரச குடும்பத்தார் மணக்கக் கூடாது என்றது. ஜெர்மன் நாடுகளில் சம அந்தஸ்துள்ள குடும்பத்தில்தான் பெண் எடுக்கவேண்டும். தவறினால் பிள்ளைகளுக்குப் பட்டம் கிடையாது. ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் 1900-இல் சோஃபி சோடெக்கை மணக்க, பிள்ளைகளுக்கு அரியணை இல்லை என்று சத்தியம் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. சோஃபி பிச்சைக்காரி வீட்டுப் பெண் இல்லை, பிரபு வீட்டுப் பெண்தான். அதுவும் போதவில்லை.

புராட்டஸ்டண்டாக இருக்கவேண்டும், அரச ரத்தமாகவும் இருக்கவேண்டும் என்றால் மிஞ்சுவது யார்? ஜெர்மனியின் குட்டிக் குட்டி சமஸ்தானங்கள், டென்மார்க். அந்தக் குளத்திலேயே எல்லாரும் மீன் பிடித்தார்கள். பாசமோ முறையோ காரணம் இல்லை. வேறு வழி இல்லாததுதான் காரணம்.

#4 கொடிவழி

அவர்கள் ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதற்கு நீங்கள் சொல்வதே பதில், ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. கட்டியபின் யார் யாருக்கு என்ன ஆனார்கள்? அதைச் சொல்ல அவர்கள் மொழியில் சொல் இல்லை, நம் மொழியில் இருக்கிறது. இருக்கும் விளக்கை ஏன் ஏற்றக்கூடாது?

ஒரு உதாரணம். அலிக்ஸ், ஜார்ஜுக்கு அத்தை மகள். ஜார்ஜின் அண்ணன் ஆல்பர்ட் விக்டருக்கும்தான். அந்த அண்ணனுக்கு அவளைக் கட்டவேண்டும் என்று விக்டோரியா மிகவும் விரும்பினார், அலிக்ஸ் மறுத்துவிட்டாள். அந்த முறைப்பெண் பிறகு ஜார்ஜின் சித்தி மகனுக்கு, தம்பிக்கு, மனைவியாகப் போகிறாள். 1917-இல் ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு அடைக்கலம் கேள்வி எழுந்தபோது ஜார்ஜ் முன்னால் நின்ற குடும்பம் இது: தம்பியும், அத்தை மகளும், ஐந்து பிள்ளைகளும். பிரிட்டிஷ் அரசு மார்ச்சில் அடைக்கலம் தரச் சம்மதித்தது. ஏப்ரலில், ஜார்ஜின் செயலர் ஸ்டாம்ஃபோர்டாம் வழியாக, அரண்மனையே அதை வேண்டாமென்று வற்புறுத்தியது. 1918 ஜூலை 17 அதிகாலை எகடெரின்பர்கில் ஏழு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1919 ஏப்ரலில் ஜார்ஜ் போர்க்கப்பல் ஒன்றைக் கிரிமியாவுக்கு அனுப்பி, மிஞ்சியிருந்த சித்தி டாக்மாரை மீட்டார். சித்தியைக் காப்பாற்றியவர், சித்தி மகனைக் காப்பாற்றவில்லை. ‘கசின்’ என்று படித்தபோது எனக்கு இது இவ்வளவு வலிக்கவில்லை.

#5 மரபியல் மாணவி

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதுபோன்ற பேச்சு வந்தாலே, “சொந்தத்துக்குள் கட்டியதால்தான் ஹீமோபிலியா வந்தது” என்று யாராவது எழுதுவார்கள். இன்னும் யாரும் எழுதவில்லை, அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அது தவறு.

ரத்தம் உறைவதற்கான ஒரு காரணி குறைவதுதான் ஹீமோபிலியா. அந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஈடுகட்டும். அவள் நோயைச் சுமப்பாள், பெரும்பாலும் நோயாளி ஆகமாட்டாள். ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வருவது. அது பழுதானால் நோய்தான். கணவன் மாமன் மகனா, முன்பின் தெரியாதவனா என்பது இதில் கணக்கே இல்லை. நோயைச் சுமக்கும் பெண் யாரை மணந்தாலும் அவள் பெறும் ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

விக்டோரியாவின் முன்னோரிடம் இந்த நோய் இருந்ததற்குத் தடயம் இல்லை. அவர் பிறந்தபோது தந்தைக்கு வயது 51. தந்தையின் விந்தணுவில் புதிதாக நேர்ந்த மாற்றமாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. விக்டோரியாவின் மகன் லியோபோல்ட் நோயாளி. 1884-இல் கான் நகரில் வழுக்கி விழுந்து 30 வயதில் இறந்தார். மகள்கள் ஆலிஸும் பீட்ரிசும் சுமந்தார்கள். ஆலிஸின் மகள் அலிக்ஸ் வழியாக ரஷ்ய இளவரசன் அலெக்ஸெய். பீட்ரிசின் மகள் எனா வழியாக ஸ்பெயின். எனாவின் மகன்களில் நோய் இருந்த இருவரும் கார் விபத்தில்தான் போனார்கள், கொன்சாலோ 1934-இல், அல்ஃபோன்ஸோ 1938-இல். மற்றவர் பிழைத்திருக்கக்கூடிய காயம், அவர்களுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஏழாம் எட்வர்டுக்கு அந்த எக்ஸ் வரவில்லை. அதனால் இன்றைய பிரிட்டிஷ் அரச வழிக்கு அதனிடமிருந்து விடுதலை.

2009-இல் ரோமனோவ் குடும்பத்து, அதாவது நிக்கோலஸ் குடும்பத்து, எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏ, அது ஹீமோபிலியா ‘பி’ வகை என்று காட்டியது.

சொந்தத்துக்குள் கட்டியதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால் இருநூறு வருஷம் பின்னால், ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்திடம் போகவேண்டும். அதை இரவு எழுதுகிறேன், ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது.

#6 பனங்கூடல்

வணக்கம். யாழ்ப்பாணத்து ஆள் நான். கொடிவழி ஐயாவின்ர கணக்கு எனக்கு நல்லா விளங்குது, ஏனெண்டால் எங்கட பக்கம் மாமன் பிள்ளையையும் மாமி பிள்ளையையும் மச்சான், மச்சாள் எண்டுதான் கூப்பிடுவம். விக்டோரியா ஆல்பர்ட்டுக்கு மச்சாள். சரியான சம்பந்தம்.

எலிசபெத் ராணியும் பிலிப்பும் என்ன முறை? ரெண்டு பக்கத்தாலயும் சொந்தம் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன்.

#7 கொடிவழி

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். இரண்டு வழி இருக்கிறது, பொறுமையாகப் பின்தொடருங்கள்.

விக்டோரியா வழி: ஐந்தாம் ஜார்ஜின் அத்தை ஆலிஸ். அவர் மூத்த மகள் ஹெஸ்ஸே விக்டோரியா (அலிக்ஸின் அக்கா) ஜார்ஜுக்கு அத்தை மகள், முறைப்பெண். முறைப்பெண் பெற்ற பிள்ளை நமக்கு என்ன முறை? மகள் முறை. அந்த மகள்தான் பாட்டன்பர்க் ஆலிஸ், பிலிப்பின் தாய். ஜார்ஜுக்கு மகள் என்றால் ஜார்ஜின் மகன் ஆறாம் ஜார்ஜுக்கு அவள் அக்கா. வயதிலும் பத்து மூத்தவள். ஆறாம் ஜார்ஜின் மகள் எலிசபெத்துக்கு அவள் அத்தை. அத்தை மகன் பிலிப்! அச்சு அசலான முறை மாப்பிள்ளை.

டென்மார்க் வழி: அலெக்சாண்டிராவின் தம்பி கிரீஸ் நாட்டு மன்னராகப் போன முதலாம் ஜார்ஜ். (தந்தை டென்மார்க்கில் முடிசூடுவதற்குச் சில மாதம் முன்பே, 1863-இல், 17 வயதில் மகன் கிரீசுக்கு அரசனாகிவிட்டான். இந்தக் குடும்பத்தில் எதுவும் நேர்க்கோட்டில் நடக்கவில்லை.) அவர் மகன் ஆண்ட்ரூ, நம் ஐந்தாம் ஜார்ஜுக்கு மாமன் மகன், மைத்துனர். மைத்துனர் மகன் மருமகன். அந்த மருமகன்தான் பிலிப். அப்போது ஆறாம் ஜார்ஜுக்குப் பிலிப் அத்தை மகன். எலிசபெத்துக்கு அப்பாவின் மைத்துனர், மாமா முறை.

ஒரு வழியில் அத்தை மகன், இன்னொரு வழியில் மாமன். தமிழ்நாட்டுக் கணக்கில் இரண்டுமே கட்டிக்கொள்ளும் முறை. 1947 நவம்பர் 20-இல் நடந்த கல்யாணத்தை எங்கள் ஆச்சி உயிரோடு இருந்து கேட்டிருந்தால் தலையை ஆட்டி ஆமோதித்திருப்பார்; அவரே தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்டவர்.

#8 பனங்கூடல்

ஐயா, முதல் வழி எங்களுக்கும் சரி. ரெண்டாவதுதான் இடிக்குது. எங்கட பக்கம் தாய்மாமன் மருமகளைக் கட்டுற வழக்கமில்லை. மாமன் தகப்பன் மாதிரி. ஒரே மொழி பேசுற எங்களுக்குள்ளயே முறை இப்பிடி மாறுதெண்டால் குறுக்குக்கேள்வி சொன்னதிலயும் ஒரு நியாயம் இருக்குது.

#9 மரபியல் மாணவி

வந்துவிட்டேன். பனங்கூடல் அண்ணா சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஸ்பெயின் கதையே தாய்மாமன் கதைதான்.

ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு ஒரு பழைய லத்தீன் வரி உண்டு: மற்றவர்கள் போர் செய்யட்டும், பாக்கியசாலி ஆஸ்திரியாவே, நீ மணம் செய். மணத்தாலேயே ஸ்பெயினும் நெதர்லாந்தும் அவர்கள் கைக்கு வந்தன. வந்ததை வெளியே விடக்கூடாது என்று மாட்ரிட் கிளையும் வியன்னா கிளையும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தார்கள். திருச்சபை தடுத்த நெருக்கமான சொந்தம்தான். ஒவ்வொரு முறையும் போப்பிடம் விலக்கு வாங்கினார்கள்.

இரண்டாம் பிலிப் முதலில் மணந்தது போர்ச்சுகல் மரியா மானுவேலாவை. அவளுடைய தாய் பிலிப்பின் அத்தை, அவளுடைய தந்தை பிலிப்பின் தாய்மாமன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அவர்கள் மகன் டான் கார்லோஸுக்கு எட்டுப் பேராக இருக்கவேண்டிய கொள்ளுத்தாத்தா பாட்டிமார் நான்கே பேர். அதற்கும் மேல் தலைமுறையில் பதினாறுக்குப் பதில் ஆறு. பிலிப் 1570-இல் நான்காவதாக மணந்த அன்னா அவருடைய சொந்தத் தங்கை மரியா பெற்ற பெண். பேரன் நான்காம் பிலிப்பும் 1649-இல் தங்கை மகள் மரியானாவையே மணந்தார். அவளை முதலில் நிச்சயித்தது அவருடைய மகனுக்கு. மகன் 1646-இல் இறந்துபோக, வாரிசு வேண்டுமென்று மகனுக்குப் பார்த்த பெண்ணை நாற்பது தாண்டிய தந்தையே கட்டிக்கொண்டார். அவளுக்கு 14 வயது. அந்தச் சிறுமியை நினைத்தால் எனக்கு மற்ற எதையும் எழுத ஓடவில்லை.

அவர்களுக்குப் பிறந்த மகள் மார்கரீட்டா, ஓவியர் வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் நடுவில் வெள்ளிநிற உடையில் நிற்கும் குழந்தை. அவளையும் தாய்மாமன் முதலாம் லியோபோல்டுக்குத்தான் கொடுத்தார்கள். 21 வயதில் இறந்தாள். பெற்ற நான்கில் பிழைத்தது ஒன்று. மார்கரீட்டாவின் தம்பி இரண்டாம் கார்லோஸ், பிறந்தது 1661. நான்கு வயதுவரை பேச்சு வரவில்லை, எட்டு வயதுவரை நடை வரவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இருமுறை மணந்தும் பிள்ளை இல்லை. 1700-இல் அவர் இறந்ததும் வாரிசுரிமைக்காக ஐரோப்பாவே 1714 வரை சண்டை போட்டது.

கணக்கு: ஒரு பிள்ளைக்குத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே மூதாதையின் ஒரே மரபணுப் பிரதி வந்துசேரும் வாய்ப்பை ஒரு எண்ணால் குறிப்போம். மாமன் மகள், அத்தை மகன் பெற்ற பிள்ளைக்கு 0.0625. தாய்மாமன், மருமகள் பெற்ற பிள்ளைக்கு 0.125. கூடப்பிறந்தவர்கள் பெற்றால் 0.25. ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் கணக்கிட்டபடி இரண்டாம் கார்லோஸுக்கு 0.254. தாயும் தந்தையும் உடன்பிறந்தவர்களாக இருந்திருந்தால் வரும் எண்ணைவிட அதிகம். 1527 முதல் 1661 வரை ஸ்பெயின் அரச குடும்பத்தில் பிறந்த 34 குழந்தைகளில் 10 ஒரு வயதுக்குள் போயின. பத்து வயதுக்குள் 17, சரிபாதி. அரண்மனையில், அக்காலத்தில் கிடைத்த எல்லா வைத்தியமும் கிடைத்த குழந்தைகள்.

கொடிவழி ஐயா, உங்கள் பட்டியலில் ‘முறை’ என்று வரும் இடத்திலெல்லாம் மனம் குளிர்கிறது. எனக்கும்தான். ஆனால் மரபணுவுக்கு முறை தெரியாது. அத்தை மகனும் சித்தப்பா மகனும் அதற்கு ஒன்றே, எண் மாறாது. அந்த ஒரு விஷயத்தில் ‘கசின்’ என்ற மொட்டைச் சொல் நம் சொற்களைவிடத் துல்லியமானது.

#10 அந்திமந்தாரை

மாணவி, கடைசிப் பத்தியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே காட்டவேண்டும். விளக்கமாக எழுத விருப்பமில்லை. நன்றி.

#11 மரபியல் மாணவி

அக்கா, காட்டுங்கள், ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கார்லோஸின் எண் ஒரு கல்யாணத்தால் வந்ததல்ல. இருநூறு வருஷம், தலைமுறை தவறாமல் கட்டியதால் சேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு அந்தப் பயம் பொருந்தாது. முடிவெடுக்கும் முன் மரபியல் ஆலோசனை தரும் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டால் நிம்மதி.

#12 பழைய தந்தி

“சொந்தம் போரைத் தடுக்கவில்லையே” என்று பலர் வியக்கிறார்கள். எனக்கு வியப்பே இல்லை. சம்பந்தம் பாசத்தை மட்டுமா கொண்டுவரும்? பிறந்த வீட்டுப் பகையையும் சீதனமாகக் கொண்டுவரும்.

1864-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கிடமிருந்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளைப் பிடுங்கின. அலெக்சாண்டிரா இங்கிலாந்துக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாத்தனார் விக்கியோ பிரஷ்யா பட்டத்து இளவரசரின் மனைவி. விக்டோரியா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வருஷம் எப்படிப் பேச்சு நடந்திருக்கும்? அப்பாவின் நிலத்தைப் பறித்தவர்களை அலெக்சாண்டிரா சாகும்வரை மன்னிக்கவில்லை. ரஷ்யாவில் தங்கை டாக்மாரும் அப்படியே. அந்த இருவரின் மடியில் வளர்ந்தவர்கள்தான் ஜார்ஜும் நிக்கோலஸும். 1866-இல் இன்னொன்று: ஆலிஸின் கணவர் நாடான ஹெஸ்ஸே ஆஸ்திரியா பக்கம், விக்கியின் பிரஷ்யா எதிர்ப்பக்கம். அக்காளும் தங்கையும் எதிரெதிர் முகாமில்.

மூவரும் கடைசியாகச் சந்தித்தது 1913 மே 24, பெர்லினில் ஒரு கல்யாணம். பெண், வில்ஹெல்மின் ஒரே மகள் விக்டோரியா லூயிஸ். மாப்பிள்ளை எர்ன்ஸ்ட் ஆகஸ்ட், டென்மார்க்கின் மூன்றாவது பெண் தைராவின் மகன். அதாவது ஜார்ஜுக்கும் நிக்கோலஸுக்கும் சித்தி மகன், தம்பி. 1866-இல் பிரஷ்யா விழுங்கிய ஹனோவர் அரச குடும்பத்துப் பையன். பகை தீர நடந்த கல்யாணம். அடுத்த வருஷம் போர்.

#13 குறுக்குக்கேள்வி

பழைய தந்தி எழுதியதை ஏற்கிறேன். 1917 ஜூலை 17-இல் ஜார்ஜ் தன் குடும்பப் பெயரை சாக்ஸ்-கோபர்க்-கோத்தாவிலிருந்து விண்ட்சர் என்று மாற்றினாரே, அதையும் சேருங்கள். பாட்டன்பர்க், மவுண்ட்பேட்டன் ஆனது. பெயரை மாற்றலாம், ரத்தத்தை மாற்ற முடியாது என்பதற்கு நல்ல சாட்சி பிலிப்தான். எகடெரின்பர்க் அருகே 1991-இல் தோண்டியெடுத்த எலும்புகளில் எது அலிக்ஸ் என்று உறுதிசெய்ய ரத்தம் கொடுத்தவர் அவர். அலிக்ஸின் அக்காள் மகளின் மகன் அல்லவா? தாய்வழியே மாறாமல் இறங்கும் டிஎன்ஏ பொருந்தியது.

இன்றைய நிலையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன், நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஸ்பெயின் அரச வழிகள் விக்டோரியாவிலிருந்து இறங்கியவை. பெல்ஜியம் டென்மார்க் கிறிஸ்தியானிலிருந்து. நெதர்லாந்தையும் சேர்த்து இவர்கள் எல்லாரும் 1711-இல் படகு கவிழ்ந்து மூழ்கிய ஆரஞ்சு இளவரசர் யோஹான் வில்லெம் ஃபிரிசோவின் வழியில் வந்தவர்கள். இறந்தபோது அவருக்கு வயது 23.

ஆனால் கொடிவழிக்கு ஒரு சவால் வைக்கிறேன். பழைய தந்தி சொன்ன அந்த 1913 தம்பதியின் மகள் ஃபிரெடரிகா, 1938-இல் கிரீஸ் நாட்டு பாலை மணந்தாள். அவர்களுக்கு முறை சொல்லுங்கள்.

#14 கொடிவழி

இரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சார்ட் பேப்பரைத் தரையில் விரித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்பா வழி: எர்ன்ஸ்ட் ஆகஸ்டின் தாய் தைரா. தைராவின் அண்ணன் கிரீஸின் முதலாம் ஜார்ஜ். அவர் மகன் கான்ஸ்டன்டைன், எர்ன்ஸ்டுக்கு மாமன் மகன், மைத்துனர். மைத்துனர் மகன் பால், மருமகன் முறை. மருமகன் முறையானவனே மருமகனாக வந்தான். எந்தக் குற்றமும் இல்லை.

அம்மா வழி: பாலின் தாய் சோஃபியா, வில்ஹெல்மின் தங்கை. வில்ஹெல்மின் மகள் விக்டோரியா லூயிஸுக்கு சோஃபியா அத்தை, பால் அத்தை மகன். தன் அம்மாவுக்கு முறை மாப்பிள்ளையாக இருக்கவேண்டியவனை ஃபிரெடரிகா மணந்திருக்கிறாள். அவளுக்கு அவன் அப்பா முறை, சித்தப்பா. நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே வாயை மூடு என்பார்கள்.

ஒரே ஆள், ஒரு பக்கம் மாமன் மகள் முறை, இன்னொரு பக்கம் மகள் முறை. குறுக்குக்கேள்வி, நீங்கள் சொன்னது இங்கே நிற்கிறது. நம் முறை உடையாமல் இருப்பது தலைமுறைதோறும் எல்லாரும் அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவதால். பார்க்காத குடும்பத்தில் அது சிலகாலம் தற்செயலாகப் பொருந்தி வந்து, பிறகு பின்னிக்கொள்கிறது. ஆனாலும் அந்த முடிச்சைக் கண்ணுக்குக் காட்டியது நம் சொற்கள்தான், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

#15 பனங்கூடல்

அப்ப அவையின்ர மகள் சோஃபியா? அவ 1962-இல ஸ்பெயின் ஹுவான் கார்லோஸைக் கட்டினவ. நானும் ஒரு கொப்பி எடுத்து கீறிப் பாத்தன். பிழையெண்டால் திருத்துங்கோ.

ஹுவான் கார்லோஸின்ர அப்பம்மா எனா. எனாவின்ர தாய் பீட்ரிஸ், விக்கியின்ர தங்கச்சி. அப்ப எனாவும், விக்கியின்ர மகள் கிரீஸ் ராணி சோஃபியாவும் சகோதரிகள் முறை. எனாவின்ர மகன் ஹுவானும் சோஃபியா ராணியின்ர மகன் பாலும் சகோதரங்கள். ஹுவானின்ர மகனும் பாலின்ர மகளும் அண்ணன் தங்கச்சி!

#16 கொடிவழி

தகப்பன் வழி நீங்கள் போட்டது சரி. இப்போது ஃபிரெடரிகா வழியாகவும் போட்டுவிட்டேன். எனாவும் வில்ஹெல்மும் அக்கா தங்கை பிள்ளைகள், அண்ணன் தங்கை. எனா மகன் ஹுவானுக்கு வில்ஹெல்ம் மகள் விக்டோரியா லூயிஸ் மாமன் மகள், முறைப்பெண். முறைப்பெண்ணின் மகள் ஃபிரெடரிகா அவருக்கு மகள் முறை. ஹுவான் கார்லோஸுக்கு அக்கா. அக்கா மகள் சோஃபியா.

அப்பா வழியில் தங்கை, அம்மா வழியில் அக்கா மகள். சார்ட்டில் அந்த ஒரு பெயரை மட்டும் சிவப்பிலும் நீலத்திலுமாக இரண்டு முறை எழுதி வைத்திருக்கிறேன்.

#17 பனங்கூடல்

எங்கட கணக்கில ரெண்டுமே கட்டேலாது ஐயா. உங்கட கணக்கில ஒண்டு கட்டலாம். இனி ஸ்வீடன் பக்கம் போவமே, விக்டோரியாவின்ர மூண்டாவது மகன் ஆர்தரின்ர மகள் மார்கரெட் 1905-இல அங்க வாழ்க்கைப்பட்டவ. கொப்பியில அடுத்த பக்கம் திறந்து வச்சிருக்கிறன்.